அப்பாவுக்கு ஒரு நகல்

ஃபோர்ட் பிராக், கலிபோர்னியா
பிப்ரவரி 9, 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். கோடியாக்கில் இந்த வருஷம் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த ஈரத்தில் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் வலி எங்கே குறையப்போகிறது? கிறிஸ்துமஸ் அட்டை ஜனவரி பதினேழாம் தேதி வந்தது. அலாஸ்காவிலிருந்து வருவதால் தாமதம் என்று அம்மாவிடம் சொன்னேன். தபால் முத்திரையில் ஜனவரி பத்து என்று இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். அம்மாவின் வீட்டுக்காரர் ராய்ஸுக்கு நெவாடாவில், எல்கோ பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்கள். நானும் போக வேண்டுமாம். பள்ளிப் படிப்பு முடிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதைச் சொன்னால் எல்கோவிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்கிறாள் அம்மா.

போன வாரம் இதே பேச்சில் நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் பள்ளிவிட்டு வந்தால் கதவே இல்லை. ராய்ஸ் கீலோடு கழற்றிக் காரேஜில் சாய்த்து வைத்திருந்தார். "பெரியவங்க பேசிட்டிருக்கும்போது மூஞ்சில கதவைச் சாத்தறது இந்த வீட்ல கிடையாது" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். அம்மா ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

அப்பா, நான் அங்கே வந்து உங்களோடு இருக்கட்டுமா? சமைப்பேன். மீன் பதனிடும் இடத்தில் வேலைக்கும் போவேன். கோடியாக்கில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

உங்கள் டானி

---

கோடியாக், அலாஸ்கா
மார்ச் 4, 1986

என் டானிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? போன வருஷப் படத்தில் குச்சி மாதிரி நின்றாய்.

கதவு விஷயம் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் அங்கே இருந்திருந்தால் அவன் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

ஆனால் இங்கே வருவது சரிப்படாது, கண்ணு. வலைக் கிடங்குக்கு மேலே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இவ்வளவுதான் என் ஜாகை. பொம்பளைப் பிள்ளை இருக்கிற இடம் இல்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. படகில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் சொன்னான். கலிபோர்னியாச் சட்டப்படி பதினாலு வயசு முடிந்த பிள்ளை நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, தாய் தகப்பன் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளலாமாம். ஆணை கையில் வந்துவிட்டால் நீ பெரிய மனுஷி. எங்கே இருப்பது, என்ன செய்வது, எல்லாம் உன் இஷ்டம். அம்மாவும் கிடையாது, ராய்ஸும் கிடையாது, எல்கோவும் கிடையாது. நீ என் பெண். பதினைந்து வயசில் நான் வீட்டைவிட்டு வந்து என் காலில் நின்றேன். உன்னாலும் முடியும்.

நூலகத்தில் கேட்டுப்பார். தாமதிக்காதே.

உன் அப்பா

---

ஃபோர்ட் பிராக்
மார்ச் 16, 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் வலிக்கு ஏதாவது தடவுகிறீர்களா? சொல்லவே இல்லை.

நூலகத்தில் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தே படித்துக் காட்டினாள். பெற்றவர்கள் சம்மதத்தோடு தனியாக வசிக்க வேண்டும். நேர்மையான சம்பாத்தியம் வேண்டும். என் வரவு செலவை நானே பார்க்க வேண்டும். யாரும் என்னை இதற்குத் தூண்டியிருக்கக் கூடாது, நானாக விரும்பிக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

கடற்கரை விடுதிகளின் விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். பள்ளி முடிந்து நாலு மணி நேரம், சனி ஞாயிறு முழு நாள். பக்கத்துத் தெருத் திருமதி பெல்லினென் தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும், குடியிருக்கத் தோதான பழைய டிரெய்லர் வண்டியை வாடகைக்குத் தருகிறேன் என்றார். அவருடைய ஃபின்லாந்துக் கணவர் கட்டிய நீராவிக் குளியல் அறையும் அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நானும் உட்காரலாமாம், உடம்புக்கு நல்லது என்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "இது உங்கப்பா குடுத்த யோசனையா?" என்று கேட்டாள். இல்லை, நானே யோசித்தது என்றேன். மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தாள். மறுநாள் காலையில் சம்மதக் காகிதம் என் தட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்தோடு இருந்தது. தனியாக இருப்பதற்கு மட்டும்தான் இந்தச் சம்மதம், மனுவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு மட்டுமாவது அங்கே வரலாமா, அப்பா? கட்டில் இல்லாவிட்டால் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

டானி

---

கோடியாக்
ஏப்ரல் 18, 1986

டானி கண்ணுக்கு,

நான் சௌக்கியம். மீன் பருவம் தொடங்கிவிட்டது, மூச்சுவிட நேரமில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் மனுவுக்கு என் சம்மதத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். நோட்டரி முன்னால் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. தேதியும் போட்டிருக்கிறேன், நீ எதையும் நிரப்ப வேண்டாம். நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு வழக்கு எண்ணை எனக்கு எழுது. விசாரணைக்கு வரப் பார்க்கிறேன்.

புகையில் வாட்டிய சால்மன் ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் தபால் பெட்டி மாறிவிட்டது, புது எண்ணைக் குறித்துக்கொள்.

உன் அப்பா

---

ஃபோர்ட் பிராக்
மே 4, 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சால்மன் வந்தது. பாதியைத் திருமதி பெல்லினெனுக்குக் கொடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஈர விரிப்பு என்ன கனம் கனக்கிறது தெரியுமா? மணிக்கட்டு மட்டும் வீங்கியிருக்கிறது. நீங்கள் குளிரில் நனையாமல் இருங்கள்.

டிரெய்லருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் கதவை எத்தனை தடவை சாத்தித் திறந்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அம்மா வருகிறாள். உள்ளே வருவதில்லை. காரில் உட்கார்ந்தபடியே பாத்திரத்தை ஜன்னல் வழியாக நீட்டுவாள், போன வாரப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். "கழுவி வச்சிருக்கியா?" என்பாள். வேறு பேச்சு இல்லை. போன செவ்வாய் எனக்கு வேலை இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் படியில் இருந்தது, மேலே அவளுடைய ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டுப் போயிருந்தாள், சூடு ஆறாமல் இருக்க.

மனுவைக் கொடுத்துவிட்டேன். இலவசச் சட்ட உதவிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். வழக்கு எண் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு போன் போட்டேன். போன வருஷம் கொடுத்தீர்களே, அந்தக் கிடங்கு எண்ணுக்கு. யாரோ ஒருவர் வேறு எண் கொடுத்தார். அதில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வெர்ன் சில்மன் இருக்கிறாரா, அவர் மகள் பேசுகிறேன் என்றேன். "மகளா?" என்றாள். பிறகு, "ராங் நம்பர்மா" என்று வைத்துவிட்டாள். நான் எண்ணைத் தப்பாகக் குறித்திருப்பேன்.

டானி

---

ஃபோர்ட் பிராக்
மே 25, 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? பதில் இல்லை. கடலில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. அம்மா எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறாள். நீங்கள் வந்தால் திருமதி பெல்லினென் அவர் மகனுடைய அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவீர்களா, மாட்டீர்களா என்பதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள்.

டானி

---

ஃபோர்ட் பிராக்
ஜூன் 1, 1986

வெர்னுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

உன் வக்கீலின் காகிதம் வெள்ளிக்கிழமை வந்தது. டானெட்டுக்கு ஆணை கிடைக்கும் நாளிலிருந்து நீ அவளுக்கு அனுப்ப வேண்டிய பணம் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைக்கு அம்மை வந்தபோது இரண்டு மாதம் கழித்து விசாரித்தவன் நீ. பள்ளிச் சுற்றுலாப் படிவத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டு மூன்று தடவை எழுதினேன். இதற்கு மட்டும் நோட்டரியிடம் ஓடியிருக்கிறாய்.

உனக்கு அங்கே பெண்டாட்டியும் ஆண் குழந்தையும் இருப்பதை உன் அக்கா டாட்டி ஈஸ்டரின்போதே சொல்லிவிட்டாள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பெண் உன்னோடு வந்து இருக்க ஆசைப்பட்டாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அலாஸ்கா வரைபடத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், விரிப்பு மாற்றும்போது பார்த்தேன்.

நான் நீதிமன்றத்துக்குப் போய் எதிர்க்கப்போகிறேன். உன் மனுவைப் பற்றி அவளிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் பொய் சொல்வதாக நினைப்பாள். நம்பினால் அதைவிட மோசம். என் பங்குக்கு நானும் தப்புச் செய்தவள்தான். அந்தக் கதவைக் கழற்றும்போது திருகுகளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றது நான்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. உன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடு. இந்த ஒன்றை மட்டும் செய்.

கோலீன்

---

கோடியாக்
ஜூன் 9, 1986

என் தைரியசாலிப் பெண்ணுக்கு,

நான் நலம், நீ நலமா? கடலில் இருந்ததால் எழுத முடியவில்லை. பெரிய எஞ்சின் படுத்துவிட்டது, நான் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அதனால் பத்தொன்பதாம் தேதி வர முடியவில்லை, கண்ணு. நான் வந்து உனக்கு ஆகப்போவது என்ன? உனக்கு யார் துணையும் வேண்டாம் என்று காட்டுவதற்குத்தானே இந்த வழக்கே.

நீதிபதி கேட்டால் நிமிர்ந்து பதில் சொல். இது என் சொந்த விருப்பம் என்று சொல். யாராவது தூண்டினார்களா என்று கேட்பார், இல்லை என்று சொல். அம்மா அழுதால் மனசு இளகிவிடாதே. அவள் ஏதாவது சொல்வாள், எதையும் காதில் வாங்காதே.

ஆணை கிடைத்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. நீதிமன்ற முத்திரை உள்ளதாக இருக்கட்டும், சாதா நகல் வேண்டாம். சட்டம் போட்டு மாட்டி வைக்கப்போகிறேன்.

உன் அப்பா

---

ஃபோர்ட் பிராக்
ஜூன் 22, 1986

அப்பாவுக்கு,

நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். திருமதி பெல்லினென் என்னைத் தன் காரில் அழைத்துப் போனார். அம்மா முன்னாலேயே வந்திருந்தாள். ராய்ஸ் வெளியே லாரியிலேயே இருந்துவிட்டார். நீதிபதி வயதானவர், அவசரப்படாமல் பேசினார். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளி மதிப்பெண் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். கூடவே நான் எழுதிவைத்திருந்த கணக்கு நோட்டையும் பார்த்து, தன் மருமகனைவிட நான் ஒழுங்கு என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அம்மாவைப் பேசச் சொன்னார். அவள் ராய்ஸைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "அவ கெட்டிக்காரிதான் ஐயா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பதினாறு வயசு. காய்ச்சல் வந்தா இப்பவும் என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீதிபதி என்னிடம், இந்த ஆணை போட்டுவிட்டால் சாப்பாடு, கூரை, வைத்தியம், எதற்கும் பெற்றவர்களைக் கேட்க உனக்கு உரிமை கிடையாது, புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றேன். யாராவது தூண்டினார்களா என்றார். இல்லை என்றேன். நீங்கள் சொன்ன மாதிரியே நிமிர்ந்து சொன்னேன்.

அப்புறம் வேறு ஒரு காகிதத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்கப்பாவோட வக்கீல் மூணு வாரத்துக்கு முந்தி இந்தக் கோர்ட்ல ஒரு மனு போட்டிருக்காரும்மா. நான் இந்த ஆணையில கையெழுத்துப் போட்டா, அன்னியிலேர்ந்து உனக்காக அவர் கட்ட வேண்டிய பணம் நிக்கணுமாம். அவருக்கு இப்ப வேற குடும்பம் இருக்காம், சின்னக் குழந்தை இருக்காம். இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

அங்கே பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். அம்மா தன் கைப்பையின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். நாங்க பேசி வச்சதுதான்" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே படியில் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏண்டி தெரியும்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு லாரியில் ஏறிப் போனாள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் எல்கோ போகிறார்கள்.

நீங்கள் கேட்ட நகல் இதோடு இருக்கிறது. முத்திரை உள்ளதுதான்.

நான் போன் செய்தபோது எடுத்தவள் பெயர் என்ன? அதை மட்டும் எழுதுங்கள்.

டானெட்

---

எல்கோ, நெவாடா
ஜூலை 13, 1986

டானெட்டுக்கு,

நாங்கள் சுகம், உன் சுகம் எழுது. இங்கே வெயில் கொளுத்துகிறது. எங்கே பார்த்தாலும் புழுதி, ரொட்டியில்கூட மண் கடிபடுகிறது. இங்கே வந்தும் செவ்வாய்க்கிழமை ஆனால் உன் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிடுகிறேன். பிறகு ராய்ஸ்தான் இரண்டு நாள் அதையே சாப்பிடுகிறார்.

நாலு காய் வெட்டி, கறி வறுத்து என்று நீ ஒன்றும் சமைக்க மாட்டாய் என்று தெரியும். முட்டையாவது சாப்பிடு. வேறு ஒன்றும் இல்லை.

அம்மா

---

கோடியாக்
செப்டம்பர் 7, 1986

அன்புள்ள டானிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நகல் அப்போதே கிடைத்தது, வக்கீலிடம் கொடுத்தாயிற்று. வேலை நெருக்கடியில் பதில் போட முடியவில்லை. உனக்குக் கோபம் இருக்காது என்று தெரியும், நீ விஷயம் புரிந்த பெண். வக்கீல்கள் அவர்கள் பாட்டுக்குக் காகிதம் போடுவார்கள், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீதிபதியிடம் நீ சொன்ன பதில் ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.

கேட்டாய், சொல்கிறேன். அவள் பெயர் வாண்டா. பையன் பெயர் கைல், பதினான்கு மாதம் ஆகிறது. உன் மூக்கு அப்படியே அவனுக்கு.

இப்போது ஒரு நல்ல சேதி. வாண்டாவுக்கு மீன் பதனிடும் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. பையனைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை. நீ இங்கே வந்துவிடேன். இனி யாரும் உன்னைத் தடுக்க முடியாது. பின்பக்க அறை காலியாகத்தான் இருக்கிறது. பள்ளியைத் தபால் வழியாகக்கூட முடிக்கலாமாம். அக்டோபரிலேயே கிளம்பினால் நல்லது, வாண்டா நவம்பர் ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர வேண்டும்.

நீ ஆசைப்பட்டதுதானே.

அப்பா

---

ஃபோர்ட் பிராக்
நவம்பர் 2, 1986

திரு. வெர்ன் சில்மன் அவர்களுக்கு,

நீங்கள், வாண்டா, கைல் மூவரும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். செப்டம்பர் இருபதாம் தேதி சலவைக்கூடத்தில் நீராவிக் குழாயில் வலது கை மாட்டிக்கொண்டது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், பதினாறு வயதென்றால் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பையில் இருந்த ஆணையை எடுத்துக் காட்டினேன். நர்ஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திருமதி பெல்லினென் என்னைக் கேட்காமல் எல்கோவுக்கு போன் செய்துவிட்டார். அம்மா பத்து மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி வந்தாள். நாலு நாள் டிரெய்லர் தரையில் படுத்திருந்தாள். எனக்குத் தலை வாரினாள், ஊட்டிவிட்டாள். சட்டப்படி அவள் எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கிளம்பும்போது காரில் உட்கார்ந்தபடி, "வர்றியா?" என்று கேட்டாள். பள்ளி முடியட்டும் என்றேன். சரி என்றாள். தெருமுனை வரைக்கும் போய், அங்கே வெகுநேரம் காரை நிறுத்தியிருந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் ஏறியிருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

நான் கோடியாக் வரப்போவதில்லை. உங்கள் பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் பாருங்கள். அவனிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவன் பெரியவனாகி ஏதாவது கேட்டு எழுதினால், முதல் கடிதத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை.

எழுத்து கோணல் மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன், இன்னும் பழகவில்லை. கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டானெட் சில்மன்